நன்னீரும் ஒரு சொட்டு இரத்தமும்

மலேசியாவின் ஆயர் தாவாரிலிருந்து பேசுகிறேன். மலாயில் இந்த ஊர்ப் பெயருக்கு நன்னீர் என்று பொருள். உப்புக் கரிக்காத தண்ணீர். நான் இன்றைக்குச் சொல்லப்போகும் வரலாற்றில் அந்த நல்ல தண்ணீரே ஆட்களைக் கொன்றது. அதைக் காட்டிக்கொடுத்ததில் நுண்ணோக்கிக்குப் பெரிய பங்கு உண்டு.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் குளிர் காய்ச்சலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். காலையில் பெரட்டுக்கு வரிசையில் நிற்கும்போதே உடம்பு உதறும். எத்தனை கம்பளி போர்த்தினாலும் அடங்காது. பிறகு வியர்த்துக் கொட்டும். தோட்டத்து டிரஸ்ஸர் கொய்னா மருந்து கொடுப்பார்; அந்தக் கசப்பு நாக்கை விட்டுப் போகாது. இந்தக் காய்ச்சல் கெட்ட காற்றால் வருகிறது என்றே உலகம் நெடுங்காலம் நம்பியது. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கு அர்த்தமே கெட்ட காற்றுதான்.

1880 நவம்பரில் அல்ஜீரியாவில், லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் நோயாளிச் சிப்பாய் ஒருவரின் இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்தார். சாட்டை போன்ற இழைகள் துடித்துக்கொண்டிருந்தன. காற்றில் இல்லை, இரத்தத்துக்குள்ளேயே ஓர் உயிர்!

அது உடம்புக்குள் எப்படிப் போகிறது? அதற்கு விடை 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கிடைத்தது. ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் கொசுக்களை அறுத்து அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுத்த கொசுக்களைக் காற்று அடித்துப்போகும் என்பதால் பங்கா கூடப் போடவில்லை. வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறிவிட்டன. மிச்சமிருந்த கண்வில்லையிலும் விரிசல். அந்த விரிசல் விழுந்த கண்ணாடி வழியாகத்தான், கொசுவின் வயிற்றுச் சுவரில் கரும்பொட்டுகள் கொண்ட அணுக்களை அவர் கண்டார். கொசுவுக்குள் வளரும் அதே மலேரியாக் கிருமி! மருத்துவ வரலாற்றில் என் மனத்தை இவ்வளவு தொட்ட காட்சி வேறு இல்லை.

சரி, இரத்தத்தில் கிருமியை எப்படிப் பார்க்கிறார்கள்? விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, இன்னொரு தகட்டின் விளிம்பால் மெல்ல இழுப்பார்கள். காய்ந்ததும் கீம்சா சாயம். ஹாம்பர்க்கில் கீம்சா என்பவர் 1904-இல் செம்மைப்படுத்திய சாயம் அது. கிருமியின் உடல் நீலமாகும், கரு சிவக்கும். கல் வைத்த மோதிரம் போலத் தெரியும். பார்ப்பதற்கு முன் தகட்டின் மேல் ஒரு துளி எண்ணெய் விட வேண்டும். கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் நுழையும்போது ஒளி வளைந்து சிதறிவிடும். எண்ணெயோ ஒளியைக் கிட்டத்தட்டக் கண்ணாடி போலவே கடத்தும், அதனால் ஒளி வீணாகாமல் வில்லைக்குள் போய்ச் சேரும். ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபே 1870-களில் வகுத்த வழி இது. ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால்தான், ஏழு மைக்ரான் அகலமுள்ள சிவப்பணுவுக்குள் குடியிருக்கும் கிருமியை அடையாளம் காண முடியும்.

இப்போது மலாயாவுக்கு வருவோம். கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக் கழகம் 1900-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு கிள்ளானுக்கு மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி, சதுப்பை வடித்தார், காய்ச்சல் குறைந்தது. அதே வைத்தியத்தை மலைச்சரிவுத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் ஏறியது! ஏன்? கொசு வேறு. சமவெளியில் இருந்தது நிழலை விரும்பும் அனோபிலிஸ் அம்புரோசஸ். மலையில் இருந்தது மாக்குலேட்டஸ். வெயில் படும் தெளிந்த ஓடைதான் அதற்குப் பிடித்த இடம். மரத்தை வெட்டி வெயிலை உள்ளே விட்டதே அதற்கு விருந்தாகிவிட்டது. புள்ளி போட்ட அதன் இறக்கையையும் புழுவையும் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்துத்தான் இரண்டையும் பிரித்தார்கள். பிறகு ஓடைகளை மண்ணுக்கடியில் குழாயில் விட்டார்கள், தண்ணீரில் எண்ணெய் ஊற்றினார்கள். அதற்குள் லயங்களில் எத்தனையோ தமிழர்கள் இறந்துபோய்விட்டார்கள். தெளிந்த தண்ணீர் என்று அவர்கள் நம்பிய ஓடைதான் அந்தக் கொசுவை வளர்த்தது.

நுண்ணோக்கியே ஏமாந்த கதையும் நம் நாட்டில் உண்டு. சரவாக்கின் காப்பிட்டில் பலருக்கு பிளாஸ்மோடியம் மலேரியே என்ற கிருமி இருப்பதாகத் தகடு சொன்னது. அது பெரும்பாலும் சாதுவான வகை. ஆனால் இவர்களின் இரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருந்தது. மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தின் பல்பீர் சிங் குழுவினர் மரபணுவைச் சோதித்து, 2004-இல் உண்மையை வெளியிட்டார்கள். அது பிளாஸ்மோடியம் நோலெசி. குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் கிருமி. சிவப்பணுவுக்குள் இரண்டுமே பட்டையாகத் தெரியும். கண்ணால் பிரிப்பது கடினம். ஆனால் மலேரியே பெருக 72 மணி நேரம் ஆகும், நோலெசிக்கு 24 மணி நேரம் போதும். ஒரு நாள் தாமதித்தாலும் ஆபத்து.

மனிதருக்கு மனிதர் பரவும் மலேரியா உள்நாட்டில் தொற்றுவது 2018 முதல் நின்றுவிட்டது. நோலெசி நிற்கவில்லை. தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. காட்டோரமும் குரங்கும் அங்கேயே இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்துவிட்டு வந்து காய்ச்சலில் படுத்தால், எங்கே வேலை செய்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுக்கச் சொல்லுங்கள்.