எளிது எது? அரிது எது?
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பழவங்காடியில் கூடியுள்ள இவ்வவையில் பல்லைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம். இவ்விடத்திற்கு அது பொருந்தாப் பொருளன்று. இங்குக் கோயில் கொண்டருளும் பிள்ளையார் ஒற்றைக் கொம்பர். யானையின் கொம்பு என நாம் அழைப்பது உண்மையில் நீண்டு வளர்ந்த மேல்வெட்டுப் பல்லேயாம். அவர் திருமுன் நாள்தோறும் தேங்காய்கள் உடைகின்றன. ஓட்டை மட்டும் பார்த்து, உள்ளிருப்பது நல்ல பருப்போ அழுகலோ என்று உறுதி கூற வல்லவர் யார்? பிள்ளைகளின் பல்வரிசையும் அத்தகையதே.

ஒரு வீட்டில் இரு பிள்ளைகள் உளர் என்று கொள்வோம். தம்பிக்கு வயது 11. மேற்பற்கள் எத்தி நிற்கின்றன. அக்காளுக்கு வயது 15. சிரித்தால் முத்துக் கோத்தாற்போன்ற வரிசை. ஒரு புறத்தில் மட்டும் பால்பல்லாகிய கோரைப்பல் இன்னும் விழவில்லை. வீட்டார் கவலையெல்லாம் தம்பியைப் பற்றியதே. ஆயினும் தம்பி வளரும் பருவத்தினன். கீழ்த்தாடை பின்தங்கியதால் பல் எத்தியிருப்பின், கழற்றி மாட்டும் கருவிகள் பெரும்பாலும் உதவும். வளர்ச்சி முடிந்தபின் வந்தால் அதே குறைக்குத் தாடையில் அறுவை வேண்டியும் வரலாம். அக்காளுக்கோ, வெளிவர வேண்டிய கோரைப்பல் அண்ணத்தினுள் படுத்துக்கொண்டு, அடுத்த பல்லின் வேரை அரித்துக்கொண்டிருக்கக்கூடும். எளிதெனத் தோன்றியது அரிதாயிற்று.

புதிதாகப் பயிலும் மாணவரும் நம் போன்றே முதலில் எத்திய பல்லையே நோக்குவர். பழகிய மருத்துவர் வேர், எலும்பு, ஈறு, வயது, பிள்ளையின் ஒத்துழைப்பு ஆகிய அனைத்தையும் நோக்குவார். எனினும் பழகியவர் இருவரின் தீர்ப்பும் ஒன்றாயிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சாலைக் கடைத்தெருவில் கைநிதானத்தால் எடை சொல்வோர் உண்டு. ஆயினும் வாங்குபவர் தராசையே நம்புவர். பல்வரிசைக்கும் தராசு தேடினர் அறிஞர்.

1899-இல் அமெரிக்கரான எட்வர்டு ஆங்கிள் கடைவாய்ப் பற்கள் பொருந்தும் முறையைக் கொண்டு மூன்று வகுப்புகள் அமைத்தார். அது வகையைக் கூறிற்று, கடினத்தைக் கூறவில்லை. 1989-இல் பிரிட்டனில் புரூக், ஷா என்போர் சிகிச்சையின் தேவையை ஐந்து படிகளாக வகுத்தனர். 2000-இல் டேனியல்ஸ், ரிச்மண்டு இருவரும் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 97 வல்லுநர்களின் தீர்ப்புகளைத் தொகுத்து ஓர் அளவுகோல் அளித்தனர். தோற்றத்திற்கு வந்த எண்ணை 7-ஆலும், நெருக்கத்திற்கு வந்த எண்ணை 5-ஆலும் பெருக்கி, பிறவற்றையும் அவ்வாறே கணக்கிட்டுக் கூட்டுவர். கூட்டுத்தொகை 29-க்குக் குறைந்தால் எளிது. 77-க்கு மேற்பட்டால் மிகக் கடினம். வெளிவராமல் சிக்கிய பல் ஒன்று இருந்தால், நெருக்கத்திற்குரிய உச்ச எண்ணே இடப்படும். கண்ணுக்குப் புலப்படாத அக்காளின் குறை இங்குக் கணக்கில் ஏறிவிடுகிறது.

இதனால் நாம் அறிவது, தேவை வேறு, கடினம் வேறு என்பதே. உடனே கவனிக்க வேண்டியது எளிதில் தீரலாம். அழகாய்த் தோன்றுவது ஆண்டுக்கணக்கில் உழைப்பைக் கேட்கலாம். தராசும் முழுமையானதன்று. கருவியை ஒழுங்காக அணியும் பொறுமை பிள்ளைக்கு உண்டா என்பதை அது நிறுக்காது. ஆகவே அளவும் வேண்டும்; அனுபவமும் வேண்டும்.

காலத்தோடு அறிந்தால் அரிதும் எளிதாகும். 1988-இல் சுவீடனின் எரிக்சன், குரோல் என்போர் 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் அண்ணப் பக்கம் சாய்ந்த 46 கோரைப் பற்களை ஆராய்ந்தனர். இடநெருக்கம் இல்லாத அப்பிள்ளைகளுக்குப் பால்பல்லை மட்டும் எடுத்துவிட்டதில், 36 பற்கள் தாமே நேர்வழி திரும்பின. அவ்வாய்ப்பைத் தவறவிட்டால் ஈற்றைத் திறந்து, சங்கிலி பூட்டி, பல்லை மெல்ல இழுத்துக் கொணர வேண்டியதாகும்.

ஆகவே தாய்மார்களே! பிள்ளைக்கு ஏழு வயதாகும்போது ஒருமுறை பல்வரிசையைக் காட்டுங்கள். ஒன்பது, பத்து வயதில் மேற்கோரைப் பால்பல்லுக்கு மேலே, ஈற்றின் வெளிப்புறத்தில் புடைப்புத் தட்டுப்படுகிறதா என்று மருத்துவரைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் நகரிலேயே 1959-இல் தோன்றிய அரசு பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. மருத்துவரிடம், "எதை அளந்தீர்கள்? ஏன் கடினம் என்கிறீர்கள்? காத்திருந்தால் என்ன ஆகும்?" என்று மூன்று வினாக்களைத் தயங்காது கேளுங்கள். நல்ல மருத்துவர் இவற்றை வரவேற்பார்.

பிறவூரில் வாழும் நாம் பிள்ளைகளுக்குத் தாய்மொழியைக் கற்பிக்க முயல்கிறோம். அம்மொழியைப் பேசும் வாயையும் பேணுவோமாக. நம் பிள்ளைகள் கூசாது வாய்விட்டுச் சிரித்து வாழ்க!