கடைசி நிறுத்தத்தில் இறங்கும் வைட்டமின்

மேகமலையில் கொழுந்து பறிக்கிற அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். நாக்கு வெந்ததுபோல் சிவந்திருந்தது. ரசத்தில் மிளகு பட்டாலே கண்ணீர். மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு. காலில் செருப்பு கழன்றதுகூடத் தெரியாத மரமரப்பு. "சத்து மாத்திரை டப்பா டப்பாவாத் தின்னுட்டேன் சார்" என்றார். தின்றது உண்மை. குடல்தான் வாங்கவில்லை.

சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பூப்பெயர் வைத்த 18 கொண்டை ஊசி வளைவுகள். அப்புறம் ஹைவேவிஸ், மணலாறு என்று ஆளை இறக்கிக்கொண்டே இரவங்கலாறு வரை போகும். நம் சிறுகுடலும் அப்படித்தான், ஏறக்குறைய 6 மீட்டர். இரும்பும் போலிக் அமிலமும் முதல் நிறுத்தங்களிலேயே இறங்கிவிடும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் நான்குக்கும் கொழுப்புதான் துணை. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் அந்த நான்கும் அதோடு போகின்றன என்று சந்தேகப்படுங்கள்.

பி12 இருக்கிறதே, அது இரவங்கலாறு பயணி! இந்தக் கதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் அதன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் இரண்டும் இறங்கும். அந்த இடம் கெட்டுப்போனாலும் உடனே தெரியாது. ஈரலில் சில ஆண்டுகளுக்கு இருப்பு உண்டு. அது தீர்ந்த பிறகுதான் சோகையும் மரமரப்பும்.

இதில் ஒரு எச்சரிக்கை, பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பி12 குறைந்தவருக்குப் போலிக் மாத்திரை மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும். நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

1960களின் தொடக்கத்தில் வட ஆற்காடு கிராமங்களில் அந்த அம்மாவைப் பிடித்த 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய் கொள்ளைநோயாகவே பரவியது. வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். விழுங்கவைத்த சிறு கருவியால் குடல் துணுக்கைக் கிள்ளியெடுத்துப் பார்க்கிற காலம் அது. சத்தை உறிஞ்சும் விரல் போன்ற முளைகள் ஸ்ப்ரூவில் குட்டையாகித் தேய்ந்துபோகும்.

வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தால், மலத்தின் நிறத்தையும் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அந்த அம்மாவுக்குப் பி12 ஊசி, போலிக் அமிலம், டெட்ராசைக்ளின் கொடுத்தோம். அடுத்த முறை வந்தபோது வாசலிலேயே சொன்னார்: "கஞ்சிக்குப் பச்ச மிளகா கடிச்சேன் சார்!"