யுத்த சினிமாவும் ஜாதிக் கண்ணும்

(கோவில்பட்டியில் நடந்த கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஜாதியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் சினிமாப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். நான் பேசப்போவதும் ஜாதியைப் பற்றித்தான்.

2024-ம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி, தீபாவளியன்று, “அமரன்” என்ற படம் வெளிவந்தது. ராஜ்குமார் பெரியசாமி எடுத்த படம். சிவகார்த்திகேயனும் சாய் பல்லவியும் நடித்தது. உங்களில் அநேகர் அதைப் பார்த்திருப்பீர்கள். அது முழுக்கக் கற்பனையல்ல. சென்னைத் தாம்பரத்தைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன், 2014 ஏப்ரல் 25-ந் தேதி, காஷ்மீரம் ஷோபியான் ஜில்லாவில் காஜிபத்ரி என்ற கிராமத்துக்குத் தம் படையுடன் போனார். அங்கே பதுங்கியிருந்த தீவிரவாதிகள் மூன்று பேர் அந்தச் சண்டையில் செத்தார்கள். முகுந்தும், சிப்பாய் விக்ரம் சிங்கும் உயிரிழந்தார்கள். அப்போது முகுந்துக்கு வயது 31. 2015 குடியரசு தினத்தன்று அவர் மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸ் அசோக சக்கர விருதைப் பெற்றுக் கொண்டார். இவ்வளவும் நடந்த சங்கதிகள்.

இப்படிப்பட்ட படத்தைப் பார்ப்பதில் நமது ஜனங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிற வியாதிகள் இரண்டு.

முதலாவது, “உண்மைச் சம்பவம்” என்று திரையில் எழுதிவிட்டால் பிறகு வருகிற ஒவ்வொரு காட்சியையும் வேதவாக்காக எடுத்துக் கொள்வது. நிஜச் சண்டையில் பின்னணி சங்கீதம் கிடையாது. பல வருஷத்து வாழ்க்கையை மூன்று மணி நேரத்தில் அடக்குகிறவன் சிலதை விடுவான், சிலதைச் சேர்ப்பான். அது அவன் தொழில், அதில் குற்றமில்லை. எது நடந்தது, எது சேர்ந்தது என்று கேட்காமல் கன்னத்தில் போட்டுக் கொள்ளுகிறோமே, அதுதான் குற்றம்.

இதற்குக் காஷ்மீரம் வரை போக வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் கயத்தாற்றைப் பாருங்கள். 1799 அக்டோபர் 16-ந் தேதி கட்டபொம்மன் அங்கே தூக்கிலிடப்பட்டார். 1959-ல் அவரைப் பற்றி சினிமா வந்தது. வரி விஷயமாக ஜாக்சன் துரையிடம் சிவாஜி கணேசன் கர்ஜிக்கும் வசனத்தை இன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேடையில் ஒப்பிக்கிறார்கள். அது கட்டபொம்மன் பேசிய பேச்சு என்றே பெரியவர்களும் நம்புகிறார்கள். அதை எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி என்ற வசனகர்த்தா! தூக்கில் தொங்கியவர் ஒருவர், திரையில் பேசியவர் ஒருவர், எழுதிக் கொடுத்தவர் ஒருவர். மூன்றையும் போட்டுக் குழப்பினால் சரித்திரம் போய்ப் புராணம் வந்துவிடும். புராணம் போதாதா நமக்கு? புதிதாக வேறு வேண்டுமா?

இரண்டாவது வியாதி இதைவிடப் பொல்லாதது. “அமரன்” வெளிவந்த சில நாட்களுக்குள்ளாகவே, முகுந்த் என்ன ஜாதி என்ற ஆராய்ச்சி கிளம்பிவிட்டது. அவர் பிராமண வகுப்பில் பிறந்தவராயிற்றே, அதைப் படத்தில் ஏன் காட்டவில்லை என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். அதற்குப் படம் எடுத்தவர் பகிரங்கமாகப் பதில் சொன்னார்: முகுந்த் தம்மை இந்தியர், தமிழர் என்று மட்டுமே சொல்லிக் கொள்வார், அந்த அடையாளமே போதும் என்று அவர் குடும்பத்தாரே கேட்டுக் கொண்டார்களாம். தோழர்களே! பெற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய ஜாதியை, பார்க்கப் போனவன் தேடி எடுத்து வந்து பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவதென்றால் இதற்கு என்ன பெயர் வைப்பது?

அந்தச் சிலரைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக் கொள்ள முடியாது. முகுந்த் நம் ஊர் ஜாதிகளில் ஒன்றில் பிறந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மறுநாளே கோவில்பட்டிச் சுவரெல்லாம் “எங்கள் குலச் சிங்கம்” என்று போஸ்டர் ஒட்டியிருக்க மாட்டோமா? அடுத்த தெருக்காரன் அதன்மேல் சாணி அடித்திருக்க மாட்டானா?

1997-ல் நடந்ததை மறந்துவிட்டீர்களா? கட்டபொம்மன் படையில் தளபதியாயிருந்தவர் கவர்னகிரி சுந்தரலிங்கம். வெள்ளையர் வெடிமருந்துக் கிடங்கை அழிக்கப் போய்த் தாமும் மடிந்தார் என்று நம் பக்கத்தில் சொல்லி வருகிறார்கள். அவர் பெயரை அரசாங்கம் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவன் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று மேல்ஜாதிக்காரர்கள் கிளம்பினார்கள். இந்தக் கரிசல் சீமையிலேயே கலகம் மூண்டது, உயிர்கள் போயின. கடைசியில், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் ஜில்லாக்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசாங்கம் எடுத்துவிட்டது. பஸ் என்னவோ எல்லாரையும் ஏற்றிக் கொள்ளத் தயாராக நின்றது. மனிதனுக்குத்தான் ஏற மனம் வரவில்லை!

நமது பூமி வானம் பார்த்த பூமி. மழை தப்பினால் பருத்தியுமில்லை, உளுந்துமில்லை. அதனால் நம் வாலிபர்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார்கள். பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போகிறார்கள். 2019 பிப்ரவரி 14-ந் தேதி புல்வாமாவில் குண்டு வெடித்து, மத்திய ரிசர்வ் போலீஸார் 40 பேர் மாண்டார்களே, அவர்களில் ஒருவர் நமது சவலாப்பேரிப் பிள்ளை. அந்த 40 பேரும் ஒரு மாகாணத்தாரல்ல, ஒரு பாஷைக்காரரல்ல. அங்கே வெடித்த குண்டு யாரையும் ஜாதி கேட்கவில்லை. காயம்பட்டவனுக்கு ஏற்றுகிற ரத்தத்தில் ஏ, பி, ஓ என்ற வகைகள் உண்டு. மேல், கீழ் என்ற வகை எந்த டாக்டரும் கண்டதில்லை. சாவிலும் ஆஸ்பத்திரியிலும் இல்லாத ஜாதி, தியேட்டரை விட்டு வெளியே வந்தவுடன் எங்கிருந்து முளைக்கிறது? நம் பள்ளிக்கூடப் பையன்கள் மணிக்கட்டில் ஜாதிக்கொரு நிறமாகக் கட்டியிருக்கிறார்களே, அந்தக் கயிற்றிலிருந்து முளைக்கிறது. அதைக் கட்டிவிட்ட பெரியவர்களிடமிருந்து முளைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்து ரெபேக்கா மலையாளக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். முகுந்தும் அவரும் காதலித்து 2009-ல் கலியாணம் செய்து கொண்டார்கள். படத்தில் பெண் வீட்டார் மறுக்கும்போது நம் தாய்மார்கள் கண்ணீர் விட்டார்கள், கலியாணமானதும் சந்தோஷப்பட்டார்கள். நல்லது! ஆனால் வீட்டுக்கு வந்ததும் சொந்த மகள் வேறு ஜாதிப் பையனைக் காட்டினால் என்ன செய்கிறோம்? நம் ஜில்லாக்களில் அதற்கு அரிவாள் தூக்குகிறார்களே! திரையில் கொண்டாடுகிற காரியம் தெருவில் எப்படிக் குற்றமாகும்?

இந்தப் படம் காஷ்மீர முஸ்லிம்களைத் தவறாகக் காட்டுகிறதென்று சிலர் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபிக்க அவர்களுக்குப் பூரண உரிமையுண்டு. எழுதட்டும், மேடை போட்டுப் பேசட்டும். ஆனால் 2024 நவம்பர் 16-ந் தேதி மேலப்பாளையத்தில் அந்தப் படம் ஓடிய தியேட்டர்மேல் பெட்ரோல் குண்டு வீசினார்கள். அது வாதமாகாது. அதே போல, துப்பாக்கி எடுத்த சிலரைக் காட்டி ஒரு மதத்தாரையே பகைவரென்று நினைப்பதும் அறிவாகாது. பிறப்பைக் கொண்டு ஆளை நிறுக்கிற அந்த ஜாதிக் கண்தான் அங்கேயும் வேலை செய்கிறது.

ஆகவே தோழர்களே! யுத்த சினிமாவைத் தாராளமாகப் பாருங்கள். மனம் உருகினால் உருகட்டும். ஆனால் பார்த்துவிட்டு வந்து சில கேள்விகள் கேளுங்கள். இதில் நடந்தது எவ்வளவு, சேர்த்தது எவ்வளவு? கூடச் செத்த சிப்பாயின் பெயர் என்ன? இந்தச் சண்டை ஏன் தீராமல் இருக்கிறது? செத்தவன் வீட்டு அடுப்பு இப்போது எரிகிறதா? இவ்வளவையும் கேட்ட பிறகு நேரமிருந்தால் அவன் என்ன ஜாதி என்று கேளுங்கள். அதற்குள் அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கே வெட்கமாயிருக்கும். அந்த வெட்கம் இந்தக் கரிசல் சீமையில் எல்லாருக்கும் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்கிறேன்.