ஸ்னூக்கர் ஆட்டமும் ஆசான் துணையும்



ஸ்னூக்கர் என்னும் மேசைப் பந்தாட்டம் நம் நாட்டில் பிறந்தது என்ற செய்தி உங்களில் சிலருக்கு வியப்பளிக்கக் கூடும். 1875-ஆம் ஆண்டு ஜபல்பூரில் தங்கியிருந்த ஆங்கிலப் படையின் இளம் அதிகாரி நெவில் சேம்பர்லேன் என்பவர், அந்நாளில் வழங்கிய மேசைப் பந்தாட்டம் ஒன்றில் வேறு சில வண்ணப் பந்துகளையும் சேர்த்து ஆடிப் பார்த்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராக விளங்கிய சேம்பர்லேன் வேறு, இவர் வேறு. ஜபல்பூரில் தோன்றிய அவ்வாட்டத்திற்குப் பின்னர் உதகமண்டலத்துக் கிளப்பில் விதிகள் எழுதி வைக்கப்பட்டன. இன்று உலகெங்கும் ஆடப்பெறும் ஓர் ஆட்டம் மத்தியப் பிரதேசத்தில் பிறந்து, நீலகிரியில் ஒழுங்கு பெற்றது எனலாம்.

அதன் பெயர் வந்த கதை இன்னும் சுவையானது. வூலிச் நகரத்து இராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவனைக் கேலியாகக் குறிக்க 'ஸ்னூக்கர்' என்ற சொல் வழங்கிற்று. ஜபல்பூரில் ஒரு நாள், எளிதில் வீழ்த்தியிருக்க வேண்டிய பந்தைத் தவறவிட்ட நண்பரைச் சேம்பர்லேன் அச்சொல்லால் அழைத்தார். பின்னர் அவர் மனம் நோகாதிருக்க, இவ்வாட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தாம் என்று கூறிச் சமாதானம் செய்தாராம். ஆகவே இவ்வாட்டத்தின் பெயருக்கே கற்றுக்குட்டி என்பதுதான் பொருள். கற்றுக்குட்டியின் பெயரைத் தாங்கிய ஆட்டத்தைக் கற்பிப்பார் துணையின்றிக் கற்கலாமா என்பதே நாம் இன்று ஆராயப் புகும் பொருள்.

பிழைப்பின் நிமித்தம் பம்பாய், கல்கத்தா, தில்லி, நாகபுரி என்று அந்நாள் தொட்டுப் பல ஊர்களிலும் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்கு இப்பொருள் தொலைவானதன்று. அலுவலகத்துக் கிளப்பிலோ, இரயில்வே இன்ஸ்டிடியூட்டிலோ, கடைத்தெருவில் ஒரு மாடியிலோ பச்சைத் துணி விரித்த மேசை ஒன்று கிடக்கிறது. புதிய ஊரில் மாலைப் பொழுதைப் போக்க வழியறியாத இளைஞர் ஒருவர் அங்கே செல்கிறார். பல இடங்களில், தோற்றவர் மேசை வாடகையைக் கொடுக்க வேண்டும் என்பது எழுதாச் சட்டம். நம் இளைஞர் தோற்கிறார், வாடகையைக் கொடுக்கிறார். மறுநாளும் அதே கதைதான். ஆறு மாதங்கள் சென்ற பின்னர் அவர் கையில் பணமும் இல்லை, ஆட்டமும் இல்லை. 'நமக்கு இது வராது' என்ற எண்ணம் ஒன்றுதான் எஞ்சுகிறது. அவருக்கு அது உண்மையிலேயே வராதா? அல்லது வரும் வழியை எவரும் காட்டவில்லையா?

இதற்கு விடை காண வேண்டுமாயின் ஆட்டத்தின் நுண்மையைச் சற்று அறிய வேண்டும். முழு அளவு மேசை 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்டது. அதன்மேல் 22 பந்துகள் இருக்கும். சிவப்பு 15; மஞ்சள், பச்சை, பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு என வண்ணப் பந்துகள் 6; கோலால் அடிக்கப்படும் வெள்ளைப் பந்து 1. ஒவ்வொரு பந்தின் குறுக்களவும் 52.5 மில்லிமீட்டர். பந்து வீழ வேண்டிய பையின் வாயோ ஏறக்குறைய 85 மில்லிமீட்டர். அஃதாவது, பந்தின் இருபுறமும் 16 மில்லிமீட்டர் அளவே இடம் உண்டு.

இப்பொழுது ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நேராகப் பைக்கு எதிரே, ஒரு மீட்டர் தொலைவில், சிவப்புப் பந்து நிற்கிறது. வெள்ளைப் பந்து அதனை முட்டும் இடத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகிவிட்டது என்று கொள்வோம். சிவப்புப் பந்து பையை அடையும்பொழுது அவ்விலகல் 19 மில்லிமீட்டராகப் பெருகி விடுகிறது. பந்து பையின் ஓரத்தில் இடித்துத் திரும்பவும் கூடும். முட்டுமிடத்தில் நேர்ந்த பிழை பையருகே பத்தொன்பது மடங்காக வளர்கிறது. முதற் கோணல் முற்றும் கோணல் என்னும் பழமொழிக்கு இதைக் காட்டிலும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் ஆசானின் தேவை தொடங்குகிறது. கோல் நேராகச் செல்கிறதா என்பதை அறிய நெடுங்காலமாக வழங்கிவரும் பயிற்சி ஒன்று உண்டு. வெள்ளைப் பந்தைப் பழுப்புப் புள்ளியில் வைத்து, மேசையின் நடுக்கோட்டில் அமைந்த நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு ஆகிய புள்ளிகளின் மேலாக உருட்டி, எதிர்ச் சுவரில் முட்டித் திரும்பிவரச் செய்ய வேண்டும். அடித்தவர் கோலை எடுக்காது அப்படியே நிற்க வேண்டும். பந்து திரும்பி வந்து கோலின் நுனியைத் தொட்டால் அடி நேரானது. ஒரு பக்கமாக ஒதுங்கிப் போனால் அடியில் கோணல் உள்ளது.

தனித்துப் பயில்வோரும் இப்பயிற்சியைச் செய்யலாம். ஆயினும் பந்து ஒதுங்குவதற்குக் காரணம் ஒன்றன்று. அடிக்கும் நொடியில் பிடி இறுகியிருக்கலாம். தலை சற்றே உயர்ந்திருக்கலாம். முழங்கை உடலை விட்டு விலகியிருக்கலாம். இவை யாவும் சரியாக இருந்து, பந்தின் நடு என்று கண் காட்டிய இடமே நடுவன்றாக இருக்கலாம். நோய் நான்கு, வெளியே தெரியும் குறி ஒன்று. மேசை நோயுண்டு என்று சொல்லுமேயன்றி, இன்ன நோய் என்று சொல்லாது. தலை உயர்வதுதான் குற்றம் என்பதை அறியாத ஒருவர் தம் பிடியை மாற்றுவார். பின்னர் நிற்கும் நிலையை மாற்றுவார். இறுதியில் நன்றாக இருந்தவற்றையும் கெடுத்துக் கொள்வார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஸ்னூக்கர் ஆட்டக்காரருக்கு முதுகு மட்டுமன்றி, தம் முழங்கையும் தெரிவதில்லை. அவருடைய கண் பந்தின்மேல் நிற்க, கையின் வேலை முழுவதும் கண்ணுக்குப் பின்னே நடைபெறுகிறது. அதைக் காண மற்றொரு கண் வேண்டும். அந்த மற்றொரு கண்ணே ஆசான்.

அவ்வாறாயின் ஆசான் பெரும் புகழ் பெற்ற ஆட்டக்காரராக இருத்தல் வேண்டுமா? வேண்டுவதில்லை. ஸ்டீவ் டேவிஸ் 1981 முதல் 1989 வரை ஆறு முறை உலகப் பட்டம் வென்றவர். அவருக்கு முதலாசானாக வாய்த்தவர் அவருடைய தந்தையார். ஆட்டத்தில் ஆர்வம் மிக்கவரேயன்றிப் பட்டம் பெற்றவரல்லர். முன்னோடி வீரர் ஜோ டேவிஸ் எழுதிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் கூறியவண்ணம் மகன் நிற்கிறானா, கோல் நேராக ஓடுகிறதா என்று அவர் அருகிருந்து கவனித்து வந்தார். நூல் பலரிடமும் இருந்தது. அதைக் கொண்டு திருத்தும் கண் அந்த வீட்டில் இருந்தது.

அந்த ஜோ டேவிஸின் கதையிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. 1927 முதல் 1946 வரை பதினைந்து முறை உலகப் பட்டம் வென்ற அவருக்கு வலக் கண்ணில் பார்வை குறைவு. ஆதலின் அவர் கோலை இடக் கண்ணுக்கு நேர் கீழே ஓடவிட்டு ஆடினார். பிறர் அனைவரும் அவ்வாறே நிற்க வேண்டும் என்று ஒருவர் கற்பித்தால், அது கண்மூடித்தனமாக முடியும். நல்லாசான் எல்லோரையும் ஓர் அச்சில் வார்ப்பதில்லை. மாணவரின் உயரம், கையின் நீளம், எந்தக் கண் முந்தி நோக்குகிறது என்பவற்றைக் கண்டு, அவருக்கேற்ற நிலையை அமைத்துத் தருகிறார்.

ஏகலைவன் ஆசான் அருகிலின்றியே வில்வித்தை கற்கவில்லையா என்று சிலர் வினவக் கூடும். ஆசானின் உருவமாவது எதிரே இருத்தல் வேண்டும் என்று அவனும் கருதினான் என்பதை நாம் மறத்தலாகாது. மேலும், ஏகலைவர்கள் எங்கோ ஒருவரே தோன்றுவர். அலுவல் முடிந்து வாரத்தில் மூன்று மணி நேரம் ஆடுவோர் ஆயிரக்கணக்கானோர். வேற்றூரில் குடியேறிய பின்னரும் நம்மவர் தம் பெண்ணுக்குப் பாட்டுக் கற்பிக்க ஆசிரியரைத் தேடிப் பிடிக்கிறார்கள். அவள் பெரிய வித்துவாம்சினி ஆக வேண்டும் என்பதற்காக மட்டுமன்று. சுருதி பிசகாமல் பாட வேண்டும் என்பதற்காகவே. பிசகிய சுருதியில் பத்தாண்டு பாடினால், அப்பிசகே அவளுக்குச் சுருதியாகிவிடும். கோல் பிடிப்பதற்கும் இஃது ஒக்கும். பழக்கம் நன்மையையும் உறுதியாக்கும், தீமையையும் உறுதியாக்கும்.

கை நேரான பின்னர் ஆசான் கற்பிப்பது மனத்தின் ஒழுங்கு. பொழுதுபோக்காக ஆடுவோர் பலர் தோற்பது பந்தை வீழ்த்த இயலாமையால் மட்டுமன்று; வீழ்த்த இயலாத பந்தைக் குறிவைப்பதால். ஆட்டத்தில் ஒரு பிழை செய்தால் எதிரிக்குக் குறைந்தது 4 புள்ளிகள், கூடியது 7 புள்ளிகள் போய்ச் சேரும். குறி தவறியபின் திறந்து கிடக்கும் சிவப்புப் பந்துகளால் நேரும் நட்டமோ கணக்கிலடங்காது. எப்பொழுது தாக்குவது, எப்பொழுது வெள்ளைப் பந்தைப் பின்னே கொண்டு சென்று மறைப்பது என்னும் விவேகத்தைத் தாமே அறிய நெடுநாள் பிடிக்கும். 2001-இல் உலகப் பட்டம் வென்றுவிட்ட ரானி ஓசல்லிவனும், எழுபதுகளின் பெருவீரர் ரே ரியர்டனிடம் தற்காப்பு ஆட்டத்தின் நுட்பங்களைக் கேட்டுத் தெளிந்து, 2004-இல் மீண்டும் அப்பட்டத்தை வென்றார். சிகரத்தை அடைந்தவருக்கே பயன்பட்ட துணை, அடிவாரத்தில் நிற்பவருக்கு வேண்டாததாகுமா?

நம் நாட்டிலும் இம்மரபு வளர்ந்தே வந்துள்ளது. பழைய கிளப்புகளில் புள்ளிகளைக் குறிக்கும் 'மார்க்கர்' என்னும் ஊழியரே உறுப்பினர் பலருக்கு ஆசானாக இருந்தார். பிறர் ஆட்டத்தை நாள்தோறும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த கண் அவருடையது. 1958-இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸ், பின்னர் பயிற்றுநராகவும் தொண்டாற்றி, 1996-இல் துரோணாச்சாரியார் விருது பெற்றார். பெங்களூரில் அரவிந்த் சவூரிடம் பயின்ற பங்கஜ் அத்வானி 2003-இல் சீனத்தில் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். அப்பொழுது அவருக்கு வயது 18. 2025-இல் தோஹா நகரில் நம் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் மகளிர் உலக ஸ்னூக்கர் பட்டத்தைக் கைப்பற்றினார். இஃது ஆடவர்க்கே உரிய ஆட்டம், பெண்மக்களுக்கு ஏற்றதன்று என்று எண்ணும் பெற்றோர் இதனைச் சிந்தித்தல் நலம்.

இனிச் செலவு பற்றியும் சொல்ல வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. நாள்தோறும் ஆசான் அருகில் நிற்க வேண்டுவதில்லை. ஒரு மணி நேரம் பாடம் கேட்டு, அதில் கூறிய ஒரு திருத்தத்தை மட்டும் பத்து மணி நேரம் பயின்று, பின்னர் மீண்டும் அவரிடமே சென்று காட்டுதல் போதும். நண்பர் நால்வர் கூடிப் பாடம் கேட்டால் செலவு நான்கில் ஒன்றாகும்; பிறரைத் திருத்தும்பொழுது கேட்பதும் ஒரு பாடமே. கைபேசியைப் பின்னால் நிறுத்தித் தம் ஆட்டத்தைப் படம் பிடித்துப் பார்ப்பதும் நன்று. ஆயினும் படம் காட்டுவதைப் பொருள் கொள்ளத் தெரிந்தவர் ஒருவர் முதலில் வேண்டும்.

ஆசானைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். வந்தவுடன் பேசத் தொடங்குபவரை விட, அரை மணி நேரம் வாளா இருந்து உங்கள் ஆட்டத்தைப் பார்ப்பவர் சிறந்தவர். ஒரே நாளில் பத்துக் குற்றங்களைச் சொல்பவரை விட, ஒன்றைச் சொல்லி அது தீரும்வரை காத்திருப்பவர் சிறந்தவர். காரணம் கேட்டால் சினப்பவரை விலக்குக. நாளடைவில் தம் துணையின்றியே உங்கள் பிழையை நீங்களே உணரச் செய்பவர் எவரோ, அவரே உண்மையாசான். அவர் இந்தியிலோ, வங்காளியிலோ, மராத்தியிலோ பேசலாம். அது தடையாகாது. முழங்கையைத் தொட்டு நேராக்கும் விரலுக்கு மொழி வேண்டுவதில்லை. வேற்றூரில் நம்மவர்க்கு நல்ல நட்பு ஒன்று அவ்வழியே வாய்த்தலும் உண்டு.

பயிற்சி பெற்றவர் அனைவரும் பட்டம் வெல்வர் என்று நான் கூறவில்லை. பெரும்பாலோர் வெல்லமாட்டார்கள், வெல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர் மாலையில் கோலைக் கையில் எடுக்கும்பொழுது, தாம் அடித்த பந்து தாம் நினைத்த இடத்திற்குச் செல்வதைக் காணும் இன்பம் அவருக்கு உரியது. தவறினாலும் ஏன் தவறியது என்று அறிவது அதனினும் பெரிய இன்பம். அறியாமல் தோற்பவர் மனம் சோர்ந்து கோலை வைத்து விடுகிறார். அறிந்து தோற்பவர் மறுநாளும் வருகிறார். முன்னவரைப் பின்னவராக்குவதே ஆசான் செய்யும் உதவி.