பூனை இளைக்குதா? எடை மெஷினை எடுங்க



"நல்லாத்தான் சாப்பிடுது, ஆனா இளைச்சுக்கிட்டே போகுது." பூனை வளர்ப்பவர்கள் பலர் இப்படிச் சொல்லிவிட்டு, "வெயில் காலம்ல, அதான்" என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். வெயிலில் பசி கொஞ்சம் குறையலாம். ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டுக் கத்துகிற பூனை இளைத்தால், பழியை வெயில் மேல் போட முடியாது.

பத்து வயது தாண்டிய பூனை என்றால் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். இப்படிப்பட்ட பூனை நிறையச் சாப்பிடும், ராத்திரியில் கத்தும், ஓர் இடத்தில் நிற்காது. வீட்டில் உள்ளவர்களோ "வயசானாலும் என்ன சுறுசுறுப்பு!" என்று சந்தோஷப்படுவார்கள். சர்க்கரை நோயிலும் சாப்பிட்டபடியே இளைக்கும். தண்ணீர் அதிகம் குடிக்கும், லிட்டர் தட்டு சீக்கிரம் நனையும். சிறுநீரகக் கோளாறிலும் தண்ணீர் தாகம் உண்டு, ஆனால் பசி குறையும். குட்டிகளுக்கும் வெளியே சுற்றும் பூனைகளுக்கும் குடற்புழு இருக்கலாம். பல் வலி என்றால் தட்டு வரை ஓடி வந்து, ஒரு வாய் எடுத்துக் கீழே போட்டுவிடும். வீட்டில் இரண்டு பூனை இருந்தால், தட்டைக் காலி செய்தது எது என்பதையும் கவனிங்க!

இவற்றில் எது என்பதை ரத்தம், சிறுநீர் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். நம்மால் முடிந்தது எடை பார்ப்பது. பூனையின் ரோமம் இளைப்பை மறைத்துவிடும். 4 கிலோ பூனை 400 கிராம் இழந்தால், அது 60 கிலோ மனிதர் 6 கிலோ இழந்த மாதிரி. பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்க, பிறகு தனியாக ஏறுங்க. கழித்தால் பூனையின் எடை. மாதம் ஒருமுறை தேதியோடு செல்போனில் குறித்து வையுங்க. "கொஞ்ச நாளா இளைச்சிருக்கு டாக்டர்" என்பதைவிட இந்த எண்கள் அவருக்கு அதிகம் உதவும்.

ஒரு நாள் முழுக்க எதுவுமே சாப்பிடவில்லை என்றால் அடுத்த மாத எடைக்குக் காத்திருக்காதீங்க. பட்டினி கிடக்கும் பூனைக்கு, குண்டான பூனைக்கு முக்கியமாக, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சலோ என்று நினைத்து பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது. பாதி மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடலாம்.

எங்கே போவது? அரசு கால்நடை மருந்தகம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பூனையையும் கொண்டு போகலாம். எல்லாப் பரிசோதனை வசதியும் சிறிய மருந்தகத்தில் இருக்காது. அடுத்து எங்கே போக வேண்டும் என்று அங்குள்ள மருத்துவரிடமே கேளுங்க. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

போகும்போது எடைக் குறிப்பு, பூனை சாப்பிடும் வீடியோ, சின்ன டப்பாவில் அன்றைய மலம், ஏற்கெனவே கொடுத்த மருந்தின் அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். காற்றோட்டமான கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுங்க. வழியில் நாயைப் பார்த்து மிரளாது.