மூடுவதும் மூட்டுவதும்



மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் நாவில் பழகிவிட்ட சொல் 'புகைமூட்டம்'. மலாய் மொழியினர் இதனை 'ஜெரெபு' என்பர். இந்தோனேசியரோ 'காபுட் அசாப்' என மூடுபனியையும் புகையையும் இணைத்துச் சொல்வர். தமிழ்ச்சொல்லில் ஒரு நுட்பம் உண்டு. மேகமூட்டம் என்னும்போது வானை மூடுதல் தோன்றுகின்றது. கரிமூட்டம் என்னும்போதோ மூட்டிய தீ நினைவுக்கு வருகின்றது. புகைமூட்டத்தில் இவ்விரண்டும் உள. ஆயினும் மூடிய வானமே கண்ணுக்குத் தெரிகின்றது. மூட்டிய கை தெரிவதில்லை.

கவிதையிலும் இதுவே நிகழ்கின்றது. மங்கிய நிலவு, செம்பழுப்பேறிய கதிரவன், உருவிழந்த கட்டடங்கள் ஆகியவை எளிதில் பாடுபொருளாகின்றன. 'புகை வந்தது' என்று எழுதும்போது புகையே எழுவாயாகிவிடுகின்றது. உண்மையான எழுவாய் தோன்றா எழுவாயாய் மறைந்து நிற்கின்றது. அதனைத் தேடுவது கவிஞரின் கடமை அன்றோ?

சுமத்ராவிலும் கலிமந்தானிலும் பரந்த சதுப்புக் காடுகள் உள்ளன. இலையும் வேரும் மரமும் நீரில் ஊறி, முற்றும் மட்காமல், பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த நிலம் அது. நீர் நிற்கும்வரை அந்நிலம் எளிதில் எரியாது. செம்பனைக்கும் காகிதக்கூழ் மரங்களுக்கும் இடந்தேடிக் கால்வாய் வெட்டி நீரை வடித்தபின், நிலமே விறகாகின்றது. காட்டை அழிக்க மலிவான வழி நெருப்பு. அது மண்ணுக்குள் இறங்கிப் புகைந்துகொண்டே இருக்கும். தென்மேற்குக் காற்று அப்புகையைக் கடல் கடத்துகின்றது.

1995-இல் மத்தியக் கலிமந்தானில் 10 இலட்சம் ஹெக்டர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்க அரசு திட்டமிட்டது. கால்வாய்கள் வெட்டப்பட்டன, நெல் விளையவில்லை. 1997-இல் எல் நினோ வறட்சி வந்தபோது அந்நிலம் எரிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சரவாக்கில் காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீடு 800-ஐத் தாண்டி, நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. 2013 ஜூன் 21-இல் சிங்கப்பூரில் குறியீடு 401-ஐத் தொட்டது. 300-ஐக் கடந்தாலே அபாயம் எனப்படும் அக்குறியீடு, 2015-இல் கலிமந்தானின் பாலங்கராயாவில் 1,000-ஐயும் வெகுவாகத் தாண்டியது. அவ்வாண்டு இந்தோனேசியாவில் எரிந்த பரப்பு ஏறத்தாழ 26 இலட்சம் ஹெக்டர். புகையை முதலில் உண்பவர் அக்கரை மக்களே என்பதை இக்கரைக் கவிதைகள் மறத்தலாகாது.

எரித்தல் தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் குறவர் மரம் வெட்டிச் சுட்டுத் தினை விதைத்தனர். கலிமந்தானின் டாயாக் மக்களும் சிறு நிலம் எரித்து மலைநெல் விதைத்து வந்துள்ளனர். அங்கே எரித்தவரே அவ்விடத்து வாழ்ந்தனர்; புகையும் அவர்க்கே, விளைவும் அவர்க்கே. பெருந்தோட்டத்தில் இவ்விணைப்பு அறுபடுகின்றது: புகை ஓரிடத்தில், ஆதாயம் வேறிடத்தில். அத்தோட்டங்கள் பலவற்றின் முதலீடு மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சென்றதாகும். ஆகவே, அயலார் தீங்கு என்று மட்டும் பாடுவது பாதி உண்மையே. மலாயாவில் காடழித்து எழுந்த இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழரின் வரலாற்றை அறிந்தவர்க்கு, தீக்குச்சி ஏந்தும் கூலியும் கணக்கேடு ஏந்தும் முதலாளியும் ஒருவரல்லர் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

சட்டங்கள் வந்துள்ளன. 2002-இல் ஆசியான் நாடுகள் எல்லைகடந்த புகை குறித்து உடன்படிக்கை செய்தன. இந்தோனேசியா அதனை 2014-இல்தான் ஏற்றுறுதி செய்தது. வெளிநாட்டில் எரிக்கும் நிறுவனங்களையும் தண்டிக்கும் சட்டத்தைச் சிங்கப்பூர் அதே ஆண்டில் இயற்றியது. 2016-இல் இந்தோனேசியா சதுப்பு நிலங்களை மீட்கத் தனி அமைப்பொன்றை நிறுவியது. கால்வாய்களை அடைத்து நீரைத் தேக்குவது அதன் பணிகளுள் ஒன்றாக இருந்தது. எனினும் 2019-இல் மீண்டும் வானம் மூடிற்று, பள்ளிகள் மூடப்பட்டன.

மழை பெய்து வானம் தெளிந்ததும் புகைமூட்டக் கவிதைகள் ஓய்ந்துவிடுகின்றன. கால்வாய்களோ ஓய்வதில்லை, அடுத்த வறட்சிக்காக நிலத்தை உலர்த்திக்கொண்டே இருக்கின்றன. கவிஞர் இதனைப் பாடவேண்டிய காலம், வானம் தெளிந்திருக்கும் மாதங்களேயாகும். மூடியதைப் பாடக் கண் போதும். மூட்டியதைப் பாட நினைவு வேண்டும்.