நந்தன் பாட்டும் நம் செவியும்

(நெருளில் சென்ற ஆண்டு விழாவன்று, நாடகம் தொடங்குவதற்கு முன் ஆற்றிய உரை)



இன்னும் சிறிது நேரத்தில் நம் இளைஞர்கள் இம்மேடையில் நந்தனார் இசை நாடகத்தை நடிக்கப் போகிறார்கள். அதன் ஒத்திகையைக் காண மாதுங்கா, செம்பூர், தாராவி முதலிய இடங்களிலிருந்து நாடக அன்பர் சிலர் வந்திருந்தனர். அன்று அங்கே எழுந்த விவாதத்தையே என் பேச்சுக்குப் பொருளாகக் கொள்கிறேன்.

தில்லையின் எல்லையில் நின்று, உள்ளே வரலாமா என்று நந்தன் இறைவனைக் கேட்கும் கட்டம் அது. ‘வருகலாமோ’ என்னும் மாஞ்சி ராகக் கீர்த்தனை. நந்தனாக நடிக்கும் பெண் அதைத் தாழ்ந்த குரலில், சங்கதிகளைக் குறைத்து, ஏறக்குறையப் பேசுவது போலவே பாடினாள். “தண்டபாணி தேசிகர் குரலில் நந்தனைக் கேட்ட செவிக்கு இது போதுமா?” என்றார் ஒருவர். “சுந்தராம்பாளின் கம்பீரம் எங்கே?” என்றார் மற்றொருவர். அடியேனும் தலையசைத்தேன். அப்பெண்ணின் முகம் வாடிவிட்டது.

அன்பர்களே, அன்று நான் தலையசைத்தது தவறு. ஏன் தவறு என்பதைச் சொல்லவே இங்கே நிற்கிறேன்.

இக்கீர்த்தனைகளை 19-ஆம் நூற்றாண்டில் இயற்றியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். பெரிய புராணத்தில் இல்லாத வேதியராகிய ஆண்டையைப் படைத்து, நந்தன் கதையைக் கண்ணீர்க் கதையாக்கியவர் அவரே. அவர் தம் நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சென்றார். நூலில் இலக்கண வழுக்கள் இருத்தலால் பிள்ளையவர்கள் இசையவில்லை. பாரதியாரோ பன்முறை நடந்தார். பிள்ளையவர்கள் இளைப்பாறும் வேளையில் வெளியே காத்திருந்து, தம் பாடல்களைத் தமக்குள்ளே மெல்லப் பாடினார். ஏட்டில் கண்டபோது வழுவாகத் தோன்றியது, காதில் விழுந்தபோது உள்ளத்தை உருக்கியது, பாயிரமும் கிடைத்தது. இச்செய்தியை உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். அப்பேரறிஞரை வென்றது கச்சேரிக் குரல் அன்று. வாசலில் காத்திருந்த ஒருவரின் மெல்லிய குரல்.

பின்னர் வந்தவர்கள் எப்படிப் பாடினார்கள்? 1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதையர். 1933-இல் கணவர் கிட்டப்பா மறைந்த பின் வெள்ளாடை பூண்டு, ஆடவரோடு இணையாக நடிப்பதில்லை என்று உறுதி கொண்டிருந்த அம்மையார், தாமே ஆடவர் வேடம் ஏற்றார். 1942-இல் ஜெமினியின் ‘நந்தனார்’ வந்தது. அதில் நடித்த தண்டபாணி தேசிகரோ தேவாரப் பண்ணில் ஊறியவர். ஒருவர் நாடக மேடை தந்த குரல். மற்றவர் கோயில் தந்த குரல். நந்தன் ஒருவனே, பாடிய வழிகள் இரண்டு.

இவ்விரு படங்களுக்கும் இடையே நிகழ்ந்ததை மறக்கலாகாது. 1936-இல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை வைத்தியநாதையர், தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் ஆலயத்துள் சென்றார். ஆகவே 1935-இல் நந்தன் கதையைக் கேட்டவனும் 1942-இல் கேட்டவனும் ஒரே செவியோடு கேட்டிருக்க முடியாது.

நாம் குடியேறி வாழும் இம்மராட்டிய மண்ணிலும் ஒரு நந்தன் உண்டு. பண்டரிபுரத்து விட்டலனைப் பாடிய சோகாமேளர் மகார் குலத்தவர்; கோயிலுக்குள் புக இசைவு பெறாதவர். அவர் சமாதி கோயில் வாசலில்தான் இருக்கிறது. அக்கோயிலை அனைவருக்கும் திறந்துவிட வேண்டுமென்று சானே குருஜி உண்ணாநோன்பு இருந்தது 1947 மே மாதத்தில். வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு விடை வர அத்தனை நூற்றாண்டுகள் ஆயின!

மீண்டும் ஒத்திகைக்கு வருகிறேன். நாங்கள் ராகத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க, தாராவியிலிருந்து வந்த முதியவர் ஒருவர் அதுவரை பேசாதிருந்தவர் வாய் திறந்தார். “எங்கள் தாத்தா இந்த நாடகத்துக்குத் தவறாமல் போவாராம். ஆனால் இந்தப் பாட்டு முடிந்து ஜனங்கள் ‘பேஷ், பேஷ்’ என்று கைதட்டும்போது எழுந்து வெளியே வந்துவிடுவாராம். ‘அவன் கேட்கிறான், இவர்கள் ரசிக்கிறார்கள்’ என்பாராம்” என்றார். எவரும் மறுமொழி கூறவில்லை. அப்போது அந்தப் பெண் தயங்கித் தயங்கி, “நந்தன் சபையிலே பாடவில்லையே, ஐயா, வாசலில்தானே நிற்கிறான்?” என்றாள்.

உரத்துப் பாடுவது பிழை, தாழ்ந்து பாடுவதே முறை என்று நான் சொல்லவரவில்லை. நந்தன் கெஞ்சலாம், உரிமையோடு கேட்கலாம், விடை தெரிந்தே கேட்கலாம். இவற்றுள் எதைத் தேர்வது என்பது பாடுவோர் பொறுப்பு. முன்னோர் இசைத்தட்டை ஒப்புவிப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர்களும் தத்தம் நந்தனைத் தாமே தேடிக் கண்டவர்கள்தாமே?

கேட்கும் நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. இந்நகரில் வாடகை வீடு தேடி அலைந்தபோது, பெயரையும் ஊரையும் உணவையும் கேட்டுக் கதவைச் சாத்தியவர்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அதே நாம், நம் வீட்டை வாடகைக்கு விடும்போதும், பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போதும் எதை முதலில் விசாரிக்கிறோம்? நந்தன் கேட்பது தில்லை நடராசனை மட்டுமன்று.

அன்று வாடிய முகத்துக்கு என்னால் ஆன பரிகாரம் ஒன்றுதான். அந்தக் குழந்தையிடம் இச்சபையறிய மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: அந்தப் பாட்டு முடிந்ததும் உடனே கைதட்டிவிடாதீர்கள். கேள்வி கேட்டவனுக்கு விடை சொல்லச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.